முகம் தெரியவில்லை, வேறு படம் தரவும்

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடந்த வரிசையில்தான் சந்தேகம். மழை முதலில் வலுத்ததா, எண் முதலில் இறங்கியதா என்று இன்றைக்கும் குழம்புகிறேன். மற்றபடி, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

காணாமல் போனவர்களின் படங்களை வெளியிடும் இணையதளம் ஒன்றில் எனக்கு வேலை. யார் படம் ஏற்றினாலும், அதில் முகம் இருக்கிறதா என்று எங்கள் நிரல் முதலில் பார்க்கும். இருந்தால் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும். அது முகம்தான் என்பது எத்தனை சதவீதம் நிச்சயம் என்று ஓர் எண்ணையும் காட்டும். இல்லையென்றால் படத்தைத் திருப்பிவிடும். பதற்றத்தில் வருகிறவர்கள் எதையாவது ஏற்றிவிடுவார்கள். ஒருவர் தன் ஸ்கூட்டரை ஏற்றியிருந்தார். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஒரே படத்தை நூறு முறை கொடுத்தாலும் ஒரே எண்தான் வரும். வர வேண்டும்.

அன்று மதியம் ஓர் அம்மா நனைந்தபடி வந்தார். வேலைக்குப் போன மகன் ஒரு வாரமாக வீடு திரும்பவில்லை. கைப்பேசியில் படத்தை எப்படி ஏற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்களே போட்டுடுங்க தம்பி. நாலு பேர் கண்ணுல பட்டா எவனாவது சொல்ல மாட்டானா?"

படத்தில் நீலச் சட்டை. வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்து மேசையிலிருந்து தாடி எட்டிப் பார்த்தான். தாடி என்பது நாங்கள் வைத்த பெயர். அவன் முகத்தில் எண்ணிப் பார்த்தால் ஏழு முடி தேறும்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கானேம்மா!"

"பொண்ணு பாக்கத்தான்ப்பா இந்தப் படம் எடுத்தோம்."

தாடி தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படத்தைக் கொடுத்தேன். கட்டம் விழுந்தது. 98. பாதி ஏறும்போது இணைப்பு அறுந்தது. மழை பிடித்தால் எங்கள் இணைப்பு படுத்துவிடும்.

மறுபடி கொடுத்தேன்.

71.

இணைப்பு மறுபடி அறுந்தது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ன நம்பர் தம்பி?"

"ஒண்ணுமில்லம்மா. படம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டுது."

தாடி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"டேய், அதே படம்தானே?"

"அதேதான்."

"எப்படிக் குறையும்?"

அவன் தன் படத்தைக் கொடுத்துப் பார்த்தான். 99. இன்னொரு முறை. 99. நிரலில் கோளாறு இல்லை.

ஜன்னலுக்கு மேலே தகரக் கூரை. மழை அதன்மேல் தடதடவென்று கொட்டியது. பேசினால் கத்த வேண்டியிருந்தது.

நீலச் சட்டைப் படத்தை மறுபடி கொடுத்தேன்.

44.

அந்த அம்மா முந்தானையால் திரையைத் துடைத்தார். தூசி என்று நினைத்திருப்பார்.

19...

கட்டம் அவன் முகத்தில் நிற்கவில்லை. துடித்தது. மேலே போனது. இன்னும் மேலே...

பிறகு கட்டமே இல்லை.

'முகம் தெரியவில்லை. வேறு படம் தரவும்.'

படத்தில் அவன் அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேற படம் இருக்காம்மா?"

குடும்பமாக எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் தங்கை, நடுவில் அவன். கொடுத்தேன்.

அம்மா முகத்தில் கட்டம்.

தங்கை முகத்தில் கட்டம்.

அந்த அம்மா திரையில் விரல் வைத்தார்.

"நடுவுல எம்புள்ளைய விட்டுடுச்சே தம்பி..."

தாடி எழுந்து வெளியே போய்விட்டான்.

நான் முகச் சோதனையை நிறுத்தினேன். நீலச் சட்டைப் படம் ஏறியது.

"வந்துடுவான்ல?"

"வந்துடுவான்மா."

சில நாள் கழித்து, அவன் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். ஊர் ஓரத்தில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம். மூடியில்லாத நிலத்தடித் தொட்டி. குறுக்கு வழியில் வந்தவன் இருட்டில் உள்ளே விழுந்திருக்கிறான்.

"விழுந்ததுமே போயிட்டானா சார்?"

"இல்லப்பா. கால்தான் ஒடைஞ்சிருக்கு. அடியில கெடந்த கொஞ்சம் தண்ணியக் குடிச்சிட்டு உசுரோடதான் இருந்திருக்கான். கத்தியிருப்பான், அந்தப் பக்கம் யாரு போறா? அன்னிக்கு மதியம் பேஞ்சுதே ஒரு மழை... அதுலதான் தொட்டி ரொம்பிடுச்சு."

பக்கத்தை எடுத்தேன். அவன் படத்தை மறுபடி சோதித்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

தாடி அந்த மாதமே வேலையை விட்டான். அண்ணன் கடையில் இருக்கிறான். மழை நாளில் அழைத்தால் எடுப்பதில்லை. மகளுக்குக் கல்யாணமாகி, அந்த அம்மா அவளோடு போய்விட்டார். படத்தை முதல் முறை கொடுத்தபோது மகன் உயிரோடு இருந்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயேதான் வேலை பார்க்கிறேன். முகம் பார்க்கும் நிரலை எடுத்துவிட்டோம். இப்போது எந்தப் படம் வந்தாலும் தளம் வாங்கிக்கொள்கிறது.