உட்கார்ந்த வேலை

மழைக்காலத்தில் என் காலிபரின் தோல்வாரிலிருந்து ஒரு வாடை வரும். நனைந்த தோலும் துருவேறிய இரும்பும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாடையை எங்கே முகர்ந்தாலும் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபந்தான். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன வலது காலுக்கு, தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு இரும்புப் பட்டைகளும் அடியில் கனத்த பூட்சுமாக இருந்த அந்தச் சாமானை எங்கள் சந்தில் "இரும்புக்காலு" என்றார்கள். அறுபதுகளின் கடைசியில், தறிச்சத்தம் ஓயாத அந்தத் திருப்பூர்ச் சந்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அதை மாட்டிக்கொண்டுதான் நடந்தேன், ஒருவர் தோளையும் பிடிக்காமல்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கு. கோயமுத்தூருக்குப் போய் ரசாயனம் படிக்க வேண்டும், ரசாயன டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா என்னைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப் போனார். இன்றைக்குக் கவுன்சலிங் என்று போர்டு மாட்டிச் செய்வதை அன்றைக்கு "ரோசனை கேக்கறது" என்போம். அவருடைய அறை மாடியில் இருந்தது. நான் கைப்பிடியைப் பற்றி ஏறிப் போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவர் அப்பாவைப் பார்த்தே பேசினார்.

"புள்ள நல்லாப் படிக்குதுங்க, அதுல குத்தஞ் சொல்றதுக்கில்ல. ஆனா காலேஜுன்னா மாடி ஏறோணும், லேபுல மணிக்கணக்கா நிக்கோணும். பாவமுங்க. ஏதாச்சும் உக்காந்த வேலையாப் பாத்து உட்டுருங்க."

மாடியேறி வந்து நிற்கிற பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு அவளால் மாடியேற முடியாது, நிற்க முடியாது என்று சொல்ல அந்தப் படித்த மனுஷருக்கு நா கூசவில்லை. அப்பாவும் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து "உக்காந்த வேலை" எங்கள் வீட்டில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. காய்காரம்மா முதல் அத்தை வீட்டுக்காரர் வரை வந்தவரெல்லாம் அதையே சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

நான் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்ததால் பெரியப்பா ஒரு வழி சொன்னார்: முருகனிடம் பூக் கேட்டுவிடலாம். வெள்ளைப்பூவையும் செம்பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்; வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்பது வழக்கம். என் அண்ணன் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனபோது யாரும் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன, மார்க்குத்தான் கொஞ்சம் நொண்டியது.

சந்நிதியில் பூசாரியின் பேத்தி கைவிட்டு எடுத்த பொதியைப் பிரித்தார்கள். வெள்ளை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எதுக்கும் இன்னொருக்கா கேட்டுப்போடலாம். புள்ள காரியம் பாருங்க," என்றார். மறுபடியும் குழந்தை கைவிட்டது. சிவப்பு. உடனே எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். வெள்ளை வந்தபோது சாமி மேல் இருந்த சந்தேகம் சிவப்பு வந்தபோது ஒருவருக்கும் வரவில்லை. முருகன்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்.

அந்த உட்கார்ந்த வேலை ஒரு பனியன் கம்பெனியில் கிடைத்தது. தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல்பிசிறுகளை வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். கம்பெனியில் உட்கார்வதென்றால் சிமெண்டுத் தரையில், வரிசையாக, சம்மணம் போட்டு. இத்தனை பேர் ரோசனை சொன்னார்களே, இரும்புப் பட்டை போட்ட கால் சம்மணம் போடுமா என்று ஒருவராவது யோசித்தார்களா? என் கால் துணிக்குவியலுக்குள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் தாண்டும்போதெல்லாம், "காலை இழுத்துக்க அம்மிணி, நடக்க எடமில்ல," என்பார். ஸ்டூல் கேட்டேன். ஒருத்திக்குப் போட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். நிற்பதும் நடப்பதும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, தரையிலிருந்து எழுவதுதான் முடியாத காரியம். எழுப்பிவிட ஆள் கூப்பிட வெட்கப்பட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

ஒரு மத்தியானம், நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கொண்டுவந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். இரண்டு பெண்கள் என் அக்குளில் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பாவாடையெல்லாம் பஞ்சு. அப்பா உள்ளே வந்து என் பையை எடுத்துக்கொண்டு என்னை வெளியே கூட்டி வந்தார். தெருவில் வெகுதூரம் நடந்த பிறகு, "உக்காந்த வேலைன்னாங்களே, எனக்குத் தெரியாமப் போச்சே சாமி," என்றார்.

"என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க," என்றேன்.

அடுத்த ஜூனில் அவரே என்னைக் கோயமுத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். லேபில் நின்றேன், பிறகு வேலைக்குப் போய் ஓய்வு பெறும்வரை கரும்பலகை முன்னால் நின்றேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை, நானும் யாரையும் மன்னிக்கவில்லை.

இப்போது அந்தச் சந்தில் தறி இல்லை. காலிபருக்கு வார் தைத்துக் கொடுத்த கடை இல்லை. பிள்ளைகளை முடக்கிய அந்த நோயே இல்லை. போன மாதம் மூலனூர்ப் பக்கமிருந்து முருங்கைக்காடு வைத்திருக்கும் ஒருவர், விபத்தில் ஒரு காலை இழந்த மகளோடு என்னிடம் ரோசனை கேட்க வந்தார். ஊன்றுகோலோடு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"பன்னண்டாவது முடிச்சிருக்குதுங்க டீச்சர். உக்காந்த வேலையா வர்ற படிப்பா ஒண்ணு சொல்லுங்க."

பழைய வாடை மூக்கில் ஏறியது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ என்ன கண்ணு படிக்கோணும்னு இருக்கறே?" என்றேன்.

"அதுக்கென்னங்க தெரியும்," என்றார் அவர்.

"நான் உங்களைக் கேக்கலீங்க."

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"வெவசாயங்க டீச்சர்," என்றாள். "காட்டுல நின்னு பாக்கற வேலை."