மூன்று வாய்ச் சம்பல்

நான் மீனும் இறைச்சியும் விட்டது என் விருப்பத்தால் அல்ல. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு லொறியில் வன்னிக்கு வந்துகொண்டிருந்தபோது தங்கைக்குக் காய்ச்சல் கூடிக் கண் செருகிவிட்டது. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "மாரியாத்தா, இவ பொழச்சா எம்மவன் சாகுற வரைக்கும் கவுச்சி தொட மாட்டான்" என்று வேண்டிக்கொண்டாள். எனக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை பிழைத்துவிட்டாள். பிறகு ஒருநாள், "உன் வாயைக் கட்டியிருக்கலாமே, ஏன் என் வாயைக் கட்டினாய்?" என்று கேட்டேன். "சாமிக்குக் குடுக்குறதப் பெருசா குடுக்கணும்டா. வீட்டுல அதிகமா திங்கிறவன் நீதான்" என்றாள்.

வன்னியில் தர்மபுரத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் மீன் தின்பார்கள், நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருப்பேன். கிழமைக்கு மூன்று நாள் முள்ளிவாய்க்கால் கடற்கரையிலிருந்து ஒருவன் மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வருவான். அவன் மணிச்சத்தம் கேட்டதும் நான் பின்பக்கம் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். அந்த மணம் மூக்கில் ஏறினால் பருப்பு இறங்காது. இப்படியே பின்பக்கம் போய்க்கொண்டிருந்தவனுக்கு முன்பக்கம் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? மீன்காரனின் தாயும் தகப்பனும் வெற்றிலையோடு பெண் கேட்டு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் கடல், நாங்கள் மலை. அப்பாவுக்கு ஓமென்று சொல்லவும் மனம் வரவில்லை, இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்போம். பிடிக்காவிட்டால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். அப்பா அந்தச் சுமையை என் தலையில் கட்டினார்.

"நீ போயி பாத்துட்டு வா. புடிச்சா கை நனச்சிட்டு வா. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தங்கை வாசல் படலைவரை வந்தாள். "அண்ணே, சாப்பிட்டுட்டு வாண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாப்பிள்ளைப் பையன் புதுக்குடியிருப்பு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். மீன்பெட்டியைக் கழற்றிவிட்டு, சைக்கிளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தான். அதே கரியரில் என்னை ஏற்றினான். பாதி வழி மிதித்தபிறகு கேட்டான்.

"அண்ணை, நீங்கள் சாப்பிட்டால் சரி, சாப்பிடாட்டி இல்லை. அப்பிடித்தானே கதை?"

"ஆமா" என்றேன். அவன் எழும்பி நின்று மிதித்தான். எனக்கு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவதைவிட வேறு வேலை இருக்கவில்லை.

கடற்கரையில் அவர்களுடைய மீன்வாடிக் குடிசைக்கு முன்னால் தென்னம்மட்டைத் தணல் பரப்பி, அதன்மேல் கம்பி வலையை வைத்துப் பெரிய பெரிய பாரை மீன்களை மிளகாய்த்தூளும் உப்பும் பூசிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கணவாய் சுருண்டுகொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சுட்ட மீனை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. எல்லோரும் மணலில் பாய் போட்டு இருந்தார்கள். எனக்கு மட்டும் உட்கார வீட்டிலிருந்து கதிரை வந்தது. மணலில் அதன் கால்கள் புதைந்து நான் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தேன்.

அவனுடைய தாய் என் விஷயத்தைக் கேட்டு அறிந்திருந்தார். பத்தடி தள்ளி எனக்கென்று ஒரு தனி அடுப்பு. அதில் மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது புதுச்சட்டி. அகப்பை புதுசு. உரலைக்கூட மூண்டு தரம் கழுவினனான். மீன் மச்சம் ஒண்டும் படேல்லை" என்றார்.

காற்று திரும்பி மீன் புகை என் முகத்தில் அடித்தது. அந்த அம்மா ஓடிவந்து, "எழும்புங்கோ தம்பி" என்று கதிரையை அந்தப் பக்கம் வைத்தார். காற்று அந்தப் பக்கமும் வந்தது. மூன்று தரம் கதிரையோடு நான் கடற்கரையைச் சுற்றினேன். புகையும் கவுச்சிதானா என்று எனக்கே தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தட்டு வந்தது. தோல் கருகிய கிழங்கு, உள்ளே மாவாக வெந்திருந்தது. பக்கத்தில் தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பல் சிவப்பாக. எல்லோரும் தங்கள் தட்டைத் தொடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. கிழங்கைப் பிட்டுச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன். அவன் தகப்பன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தச் சம்பலின் ருசியை எப்படிச் சொல்வேன்! இரண்டாவது வாய். மூன்றாவது வாய். மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் சம்பல் சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் வைத்தான். அவன் முகம் செத்துப்போனது. பாய்ந்து வந்து என் மடியிலிருந்த தட்டைப் பறித்தான்.

"மச்சான், சாப்பிடாதேங்கோ! இதுக்குள்ள மாசி கிடக்கு!"

விருந்தாளியின் தட்டைப் பறிப்பதா! தகப்பன், "டேய்!" என்று கையை ஓங்கிக்கொண்டு எழும்பினார். தாய் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ மாதாவே! மாசி போடாமல் ஆரப்பா சம்பல் இடிக்கிறது? அது மீனெண்டு எனக்கு நினைவே வரேல்லையே!"

அவர் பொய் சொல்லவில்லை. கருவாடாகக் காய்ந்து தூளாக இடிபட்டுப் போத்தலில் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மாசி அவருக்கு மீனே இல்லை. மீன் என்றால் துடிக்க வேண்டும், அல்லது நாற வேண்டும். அவர் அழுத அழுகையில் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கையைக் கழுவினேன். இப்போது நான் கை நனைத்தவனா, நனைக்காதவனா? யாரைக் கேட்பது? மாப்பிள்ளைப் பையன் என்னைத் திரும்பவும் பஸ்சுக்குக் கொண்டுவந்து விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

பொழுது சாயமுன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அப்பா தலையைச் சொறிந்தார். தங்கை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அம்மாதான் கேட்டாள்.

"தட்டப் புடுங்குனது யாரு?"

"அவன்தான்."

"நீ சாப்பிட்டாத்தான் பொண்ணுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வழியிலேயே கேட்டான்."

அம்மா முந்தானையை உதறிச் செருகினாள். "தெரிஞ்சும் புடுங்கிட்டானா? அப்ப குடுத்துரலாம்" என்றாள்.

தங்கை குசினிக்குள் ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "வேண்டுதல் என்னாகும்மா?" என்றேன்.

"வேண்டுனது நானு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமாகப் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் என்றால், ஐந்து வருடம் நான் எதற்குப் பருப்பைப் பிசைந்தேன்? கத்தியிருப்பேன். ஆனால் கத்த முடியாத ஒரு காரணம் எனக்குள் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

லயத்தில் தீபாவளிக்கு ஒருதரம் மாசிச் சம்பல் இடிப்பார்கள். அன்று கடற்கரையில் முதல் வாயிலேயே என் நாக்கு அதை அடையாளம் கண்டுவிட்டது. கண்டும் நான் இரண்டாவது வாய் எடுத்தேன், மூன்றாவதும் எடுத்தேன். தங்கைக்காகத் தின்றேனா, ருசிக்காகத் தின்றேனா? எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின கிழமை அவளுக்குத் தடிமன் வந்தது. அவள் தும்மும்போதெல்லாம் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மாரியாத்தா, தின்றது நான், என்னைக் கேள், அவளை விட்டுவிடு என்று கொல்லைப்புறத்தில் நின்று அழுதேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் நடந்தது. கடற்கரை விருந்தில் எல்லோருக்கும் சுட்ட மீன் போனது. கூறைச்சேலையோடு தங்கையே என் தட்டைக் கொண்டுவந்தாள். கிழங்கும் சம்பலும். குனிந்து என் காதருகில் சொன்னாள்.

"மாசி போடலண்ணே. நானே பக்கத்துல நின்னு இடிக்க வச்சேன். பயப்படாம சாப்பிடு."

அதைக் கேட்டதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.