பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்

போன வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம் போட்டுவிட்டார்கள். எனக்கு வீடு தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி புளோக்கில்தான். இருந்தும் இறங்கிப்போய் அந்த விளக்கைப் பார்க்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது.

டாக்டர், இனி தூரம் நடக்காதீர்கள், பேட்டரியில் ஓடும் வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். என் மகளுக்கு அதில் இஷ்டமில்லை. சக்கர நாற்காலி போதும், வேலைக்கு ஆள் வைத்தால் தள்ளிக்கொண்டு போவாள் என்றாள். எனக்கு அந்தப் பேச்சே ஆகவில்லை. இளவயதில் ஜூரோங்கில் கப்பல் பட்டறை கேண்டீனுக்குச் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவள் நான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிக்குப் பக்கத்திலேயே ஓட்டுவேன். அப்படிப்பட்டவளை ஒருத்தி பின்னாலிருந்து தள்ள, நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

"சரி, கடையில ஓட்டிக் காட்டுங்க. எதுலயும் இடிக்கலன்னா வண்டி. இடிச்சீங்கன்னா நாற்காலி, அப்புறம் பேச்சே கிடையாது," என்றாள் மகள்.

"நான் ஓட்டாத வண்டியாடி?" என்றேன்.

தெம்பனிஸ் பக்கம் ஒரு புளோக்கின் கீழே அந்தக் கடை. கடைக்காரர் சீனர், என் வயதுதான் இருக்கும். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைதான். அந்தக் காலத்தில் எல்லோரும் மார்க்கெட்டில் பேசிய மலாய் எங்கள் இருவருக்குமே வந்தது. அதிலேயே பேசினோம்.

மூன்று சக்கர வண்டி சந்து பொந்தில் சுலபமாகத் திரும்பும், நான்கு சக்கரம் சாயாமல் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடை மூலையில் நின்ற சிவப்பு வண்டி மேலேயே என் கண் இருந்தது. பெரிய சக்கரம், முண்டு முண்டாக டயர். புல், மணல், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஏறும் என்றார்.

"அம்மா, நீங்க என்ன காட்டுக்கா போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வந்து பாரு. காடே தேவலாம்."

ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடிக்கு நடுவில் ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் அந்தப் படங்களைப் படிக்க எனக்கு ஒருவர் துணை வேண்டியிருக்கவில்லை. முயல் பக்கம் திருப்பினேன். கைப்பிடியில் இருக்கும் பிடியை விரலால் இழுத்தால் ஓடும், விட்டால் தானாக நின்றுவிடும், இதற்குத் தனி பிரேக் கிடையாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். காதில் பாதிதான் விழுந்தது.

வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. எதிரே மகள், தான் பார்த்துவைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தலாம் என்று பிடியை அழுத்தினேன். சைக்கிளில் அப்படித்தானே? வண்டி முன்னால் பாய்ந்தது. பயந்துபோய் இன்னும் இறுக்கினேன். "லெபாஸ்! லெபாஸ்!" என்று கடைக்காரர் கத்தினார். மலாயில் அதற்கு 'விடு' என்று அர்த்தம். எனக்கு அர்த்தம் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. மகள் ஒதுங்கப் போய்த் தடுக்கி விழுந்தாள். வண்டி நாற்காலியைச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போனது. கடைக்காரர் ஓடிவந்து என் விரல்களைப் பிரித்துவிட்ட பிறகுதான் நின்றது.

மகளுக்கு முழங்கையில் தோல் சிராய்த்திருந்தது. ஒன்றுமில்லம்மா என்று துடைத்துக்கொண்டாள். நான் ஓட்டாத வண்டியா என்று பேசிய அதே வாயால், "நாற்காலியையே வாங்கிடு," என்றேன்.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சைக்கிள் ஓட்டிய கை எல்லாம் இப்படித்தான் செய்யும், பழக்கினால் மாறிவிடும் என்றார்.

நாற்காலிக்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்கம்மா," என்றாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன நான்கு சக்கர வண்டியை எடுத்து, ஆமை பக்கம் திருப்பி, புளோக்குக்குக் கீழே திறந்த இடத்துக்குக் கூட்டிப்போனார் கடைக்காரர். திருப்பவோ வளைக்கவோ சொல்லிக்கொடுக்கவில்லை. ஓட்ட வேண்டும், அவர் 'லெபாஸ்' என்றால் கையை விட வேண்டும், அவ்வளவுதான். சாமான் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஓட்டினேன். பிறகு மகளும் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு 'லெபாஸ்' என்று கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, சொல்லாம கொள்ளாம கத்துற?"

"ரோட்ல யாரும் சொல்லிட்டுக் குறுக்க வர மாட்டாங்க லா!"

கை சொன்னபடி கேட்கத் தொடங்கியதும், வண்டியில் எங்கெல்லாம் போவீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். மின்தூக்கி, மார்க்கெட்டில் மீன் கடை வரிசை, மாவு மில், கோயில் என்றேன். இதில் மணல் எங்கே இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிவப்பு வண்டி மீன் கடைச் சந்தில் திரும்பவே திரும்பாது. சாம்பல் வண்டியையே வாங்கினோம். பார்க்க அழகில்லை, அதை இன்றும் சொல்வேன்.

தீபாவளிக்கு முதல் நாள் தேக்காவில் கால் வைக்க இடமில்லை. வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்திருந்த ஒருவர் திடீரென்று பின்னால் நகர்ந்தார். நான் நினைப்பதற்கு முன்பே என் கை விட்டுவிட்டது. இலை நுனி என் நெற்றியில் உரசியது.

"என்ன பாட்டி, ஹார்ன் இல்லையா?"

"ஹார்ன் இருக்கு தம்பி. உனக்குத்தான் முதுகுல கண்ணு இல்ல."

அன்றைக்கு விளக்கு வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

இப்போது எங்களுக்குள் ஏதாவது வாக்குவாதம் முற்றினால், மகள், "லெபாஸ்மா," என்பாள். சில நேரம் விடுவேன், சில நேரம் விடமாட்டேன். ஆனால் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அன்று அந்தக் கடையில் சிராய்த்த முழங்கையோடு நின்றும், போட்ட பந்தயத்தைப் பற்றி வாயே திறக்காமல் முதலில் விட்டுக்கொடுத்தவள் அவள்தான் என்பது நினைவுக்கு வருகிறது.