களா நோன்பும் ஊதிய வயிறும்

சூலகக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்த பிறகு எனக்கு வயிறு அடிக்கடி ஊதி வலித்தது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. வலி கூடினால் உடனே வரும்படி டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சிகிச்சையால் ரமழானில் விடுபட்ட நோன்புகளை அடுத்த ரமழானுக்குள் களாச் செய்து ஈடுகட்ட வேண்டும் என்று பிடிக்கத் தொடங்கினேன். வயிறு ஊதியபோதெல்லாம் பசியில் சேர்ந்த வாயு என்று நினைத்து, நோன்பு திறந்ததும் இஞ்சித் தண்ணீர் குடித்தேன்.

ஒரு பின்னேரம் ஆலங்குடாவில் எங்கள் முற்றத்தில் கருவாடு புரட்டும்போது வலி தாங்காமல் குந்திவிட்டேன். கணவரின் அக்கா ஓடி வந்து வயிற்றைத் தொட்டார்.

"என்னடி, றபான் மேளம் மாதிரி இறுகிக் கெடக்கு! நோன்பு புடிச்சா வயிறு ஒட்டணும். ஒனக்கு மட்டும் எப்பிடி ஊதுது?"

"மஃரிபுக்குக் கொஞ்ச நேரந்தான் மதினி. நோன்பு தொறந்துட்டுப் போவம்."

"நீ மௌத்தானா ஒன்ட மகள ஆரு வளக்குறது? நோன்ப உட்டுட்டு ஓட்டோவுல ஏறு!"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலாவி தாண்டும்போது பச்சையாக வாந்தி எடுத்தேன். பழைய சத்திரசிகிச்சை செய்த இடத்தில் குடல் ஒட்டி அடைபட்டிருந்தது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

ஊதல் இப்போதும் வருகிறது. ஏன் என்று எவருக்கும் நிச்சயமில்லை. வலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுப் பிரியாவிட்டாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டொக்டரைக் கேட்காமல் களா நோன்பு பிடிப்பதில்லை. நோன்பை இப்படித் தள்ளிப்போடுவது சரிதானா என்று மனம் உறுத்தும்போது, பக்கத்தில் தூங்கும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.