புதுக் கல்லில் மழை

பிற்பகல் இரண்டு பத்துக்கு, நான் பஸ்ஸில் இருக்கும்போது, மகளின் குரல் தொலைபேசியில் அறுந்துபோகிறது. “மழை பிடிச்சிடுச்சுப்பா, மேல மண்ணு சரியுது” என்பதே கடைசியாகக் கேட்டது. அவள் வேலை செய்யும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பஸ்ஸும் நின்றுவிடுகிறது. பாதை மண் மூடிக் கிடக்கிறது. நான்கு மாதம் கழித்து அவளைப் பார்க்க வந்தவன், தேநீர்க் கடையில் ஒதுங்குகிறேன்.

தோட்டத் தொழிலாளரின் பழைய வரிசை வீடுகளான லயத்துக்குப் பதிலாக இங்கே எழும் வீடுகளுக்கு அவள்தான் பொறியியலாளர். சூளையும் விறகும் வேண்டாமென்று, மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து அழுத்திய கற்களால் கட்டுகிறாள். புதுக் கல்லில் மழை அடித்தால் கரைந்துவிடும்.

“கல்லு மிஸ்ஸோட அப்பாங்களா?” கடைக்கார அம்மா கேட்கிறார். “அந்தப் புள்ள கல்லுக்குக் கொடை புடிக்கும், தனக்குப் புடிக்காதுங்க.”

அதுதானே என் பயம். கற்களை விட்டு இறங்கமாட்டாள். மலையில் பனிமூட்டம் தவிர எதுவும் தெரியவில்லை. அவள் கோபமாகவாவது ஒரு வார்த்தை பேசினால் போதும்.

நாலரைக்குத் தேயிலைச் செடிகளுக்குள்ளே புகுந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் ஐந்து பேர் இறங்கி வருகிறார்கள். மழைக்கு இடுப்பில் கட்டும் தார்ப்பாயான படங்கு ஒருவரிடமும் இல்லை. நடுவில், சேறும் சகதியுமாக, என் மகள்.

“வரமாட்டேன்னு ஒரே அடம்ங்க” என்கிறார் மூத்தவர். “எங்க படங்கெல்லாம் அவுத்துக் கல்லு மேல போத்துனோம். அதுக்கப்புறந்தான் எறங்குச்சு. மொதல்ல புள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்க.”