சுவிட்ச் அக்காவும் காலி அறையும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'சுவிட்ச் அக்கா' என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேஜைக்காரனான நான்தான். சாயங்காலம் கிளம்பும்போது விளக்கு, விசிறி, சோதனைப் பெட்டி என்று தன் மேஜைப் பக்கம் இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். நாங்களோ ஒவ்வொரு பெட்டியின் மேலும் "அணைத்தால் கை இருக்காது" என்று எழுதி ஒட்டியிருக்கும் கூட்டம். அணைத்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் இயக்குவதற்குள் பாதி நாள் போய்விடும், யாருக்குப் பொறுமை?

பிள்ளை வளர்ப்பதற்காகச் சில வருஷம் வேலையை விட்டிருந்து, திரும்பி வந்தவர் அவர். இன்னும் நிரந்தரமாகவில்லை. "பாவம், டச் விட்டுப் போயிருக்கும்" என்று எங்கள் மேலாளர் அவருக்கு உருப்படியாக எதையும் தரமாட்டார். அந்தப் 'பாவம்' காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் செய்வது மருத்துவமனை மருந்து அலமாரிகளுக்கான பூட்டு. உள்ளே ஒரு பாதுகாப்பு சிப், அதில் சாவி வைக்கச் சில அறைகள்; சாவி என்பது ஒரு ரகசிய எண், அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே கிடக்கும். சிப்போடு பேசுவதற்கான லைப்ரரியை, அதாவது தயார் நிரல்களின் தொகுப்பை, மேலாளரே எழுதியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்காவுக்கு முதன்முதலாக ஒரு சோதனை அலமாரி தந்தார்கள்; மறுநாள் காலையில் அது திறக்கவில்லை. சாவியைப் புதிதாகச் செய்து வைத்தார். அடுத்த நாளும் அதே கதை.

"அணைச்சு அணைச்சே கெடுத்துட்டீங்களேம்மா" என்றார் மேலாளர். "இந்த வாரம் உங்க வேலையைப் பத்தி நான் முடிவு சொல்லணும். இப்படி இருந்தா என்ன சொல்றது?"

"மருத்துவமனையில கரண்டே போகாதா சார்?"

அவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அழவில்லை, லைப்ரரியைத் திறந்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இங்க வாங்க. சாவியைச் சிப்புல எந்த அறையில செய்யணும்னு நாம சொல்லாம விட்டா, இது என்ன பண்ணுது?"

"'நல்'னு, அதான் 'ஒண்ணுமில்லை'ங்கற குறியை, நிரப்பிக்குது. காலியா விட்டா 'நல்' தானேக்கா?"

"அங்கதான் தப்பு. சொல்லாம விடறது வேற, 'நல்'னு சொல்றது வேற. சிப்பைப் பொறுத்தவரைக்கும் 'நல்' நிஜமாவே ஒரு அறை. தற்காலிகச் சாவிக்கானது. கரண்ட் போய் வந்தா அங்க செஞ்ச சாவி எதுவும் மிஞ்சாது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எத்தனை மாதமாக எங்கள் சோதனையெல்லாம் பாஸ்! அணைத்தால்தானே குட்டு வெளிப்படும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்களே, அந்தப் பூனைகள் நாங்கள்தான்.

அக்கா திருத்தினார். யாராவது தெரிந்தே 'நல்' என்று சொன்னால் அந்த அறை கிடைக்கும். எதுவும் சொல்லாமல் விட்டால் லைப்ரரி தானாக ஊகிக்காது, "எந்த அறை?" என்று கேட்டு நின்றுவிடும். சாவியை நிரந்தர அறையில் செய்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். மெயின் சுவிட்சை மேலாளரே அணைத்தார். அவரே போட்டார். அலமாரி 'டக்' என்று திறந்தது.

மேலாளர் கதவை மூடி, மறுபடி ஒரு முறை திறந்து பார்த்தார்.

"வேலை நிரந்தரம்மா. அதுல இனி பேச்சே இல்லை" என்றார். பிறகு தயங்கி, "வீட்ல இருந்த வருஷங்கள்ல என்ன பண்ணீங்கன்னு நான் கேட்கவே இல்லை. ஒண்ணுமில்லைன்னு நானா நிரப்பிக்கிட்டேன்" என்றார்.

"இப்பக் கேளுங்க சார்."

"என்ன பண்ணீங்க?"

"இந்தச் சிப்போட கையேட்டைச் சத்தமாப் படிச்சுத்தான் பொண்ணைத் தூங்க வைப்பேன்" என்று சிரித்தார் அக்கா. "அவ ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவா. நான்தான் கடைசி வரைக்கும் படிச்சேன்."