சின்னவள் அழித்த படங்கள்

விலை உயர்ந்த மெல்லிய லென்ஸை மெஷினில் தேய்க்கும்போது அழுகிய முட்டை வாசனை வரும். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது... அப்புறம் பழகிவிட்டது.

ஜார்ஜ் டவுன் தீவில் என் முதல் வேலை அது. அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து காலையில் ஃபெரி பிடித்து வருவேன். கவுண்டரில் என்னோடு நின்றவர் ஃபரிதா அக்கா. ஜார்ஜ் டவுனிலேயே டத்தோ கிராமாட் பகுதிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். டென்னிஸில் ஜோடி சேர்ந்து ஆடிய இரண்டு சகோதரிகள். பெயர் சொல்லப் போவதில்லை, காரணம் போகப் போகப் புரியும். எங்களுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள். அவ்வளவுதான்.

பெரியவள் இன்ஸ்டாகிராமில் எதுவும் போட மாட்டாள். சின்னவள்தான் எல்லாம் போடுவாள். குதிகாலில் ஒட்டிய பிளாஸ்டர், ஹோட்டல் ஜன்னலில் காயும் சாக்ஸ், விமானத்தில் வாயைத் திறந்து தூங்கும் அக்கா... ஐந்து நிமிடத்தில் பெரியவளின் லைக் வந்துவிடும். வராத நாளில் எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அவர்களுக்காக ஒரு ரசிகர் பக்கம் நடத்தினோம். மூன்று வருட உழைப்பு. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் சேர்ந்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம். கடையின் பின்னறையில் நாசி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். போனைப் பார்த்தபடி இருந்த ஃபரிதா அக்காவின் கை அப்படியே நின்றது.

"வாணி, இங்க பாரு. சின்னவ பேஜ்ல பெரியவ போட்டோ ஒண்ணுகூட காணோம்."

உண்மைதான். இருவரும் சேர்ந்திருந்த படம் அத்தனையும் போயிருந்தது. அக்காவை ஃபாலோ செய்வதையும் நிறுத்தியிருந்தாள்.

"சண்டை லா. கன்ஃபர்ம். மத்தவங்க போடறதுக்கு முன்ன நம்ம போடணும்."

"தெரியாம எப்படிக்கா போடறது?"

"கேள்வி மாதிரி போடு. கேக்கறதுல என்ன தப்பு?"

போட்டேன். என் விரலால்தான் போட்டேன். 'சகோதரிகள் பிரிந்துவிட்டார்களா?' என்று கேட்டு, சின்னவளின் பக்கம் முன்பு இருந்ததையும் இப்போது வெறிச்சோடிக் கிடப்பதையும் ஒட்டி ஒரு படம்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. யார் யாரோ பகிர்ந்தார்கள். நிறையப் பேர் நேராகச் சின்னவளின் பக்கத்துக்கே போனார்கள். நன்றி கெட்டவள்... அக்கா இல்லாவிட்டால் நீ யார்... இன்னும் இங்கே எழுத முடியாதவை.

மூன்று மணிக்கு அவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டம். கவுண்டர் இழுப்பறையில் போனைச் சாய்த்துவைத்து, சத்தமில்லாமல் பார்த்தோம். சின்னவளின் முகம் வெளுத்திருந்தது. எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள், தரையைப் பார்த்து நடந்து வந்தாள்.

எதிரில் ஒரு பெரியவருக்கு நான் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுத்தெல்லாம் ஆடுது மா," என்றார்.

ஒரு காதில் கம்பியை மாட்டவே இல்லை. என் கண் இழுப்பறையில் இருந்தது.

கடைசி டைபிரேக். எட்டுக்கு எட்டு. சின்னவள் சர்வ். முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது கோட்டைத் தாண்டிப் போனது; எதிரணிக்கு ஒரு பாயிண்ட்.

அப்போது பெரியவள் ஓடி வந்தாள். தங்கையின் பின்தலையில் கை வைத்து, நெற்றியோடு நெற்றி முட்டி, என்னவோ சொன்னாள். நடுவர் கூப்பிடும்வரை விடவில்லை.

பிரிந்தவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். ஃபரிதா அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த பாயிண்டும் போய், ஆட்டத்தில் தோற்றார்கள்.

கடை மூடும் நேரத்தில் எங்கள் பக்கத்துக்குச் சின்னவளிடமிருந்து மெசேஜ் வந்தது. மூன்று வருடமாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தவர்கள் நாங்கள்.

தோற்கும்போதெல்லாம் அந்தப் படங்களின் கீழே அக்காவைத் திட்டி எழுதுகிறார்கள், அதைப் படித்துப் படித்து அவள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடக்கிறாள், அவள் கேட்டதால்தான் அழித்தேன், என் பக்கம் வழியாக யாரும் அவளைத் தேடிப் போகக்கூடாது என்றுதான் ஃபாலோவையும் நிறுத்தினேன் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: 'திட்டுகிறவர்கள் எல்லோரையும் நீங்கள் திரும்பக் கூட்டி வந்துவிட்டீர்கள்.'

"பதில் போடாத. நாளைக்கு எல்லாரும் மறந்துடுவாங்க," என்றார் ஃபரிதா அக்கா.

"அவ மறப்பாளாக்கா?"

அவரைக் கேட்காமலே பதிவை நீக்கினேன். ஒன்றும் தெரியாமல் எழுதினோம், தப்பு எங்களுடையது, அவளை விட்டுவிடுங்கள் என்று பக்கத்தில் போட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். சின்னவளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

வசவு எங்கள் பக்கம் திரும்பியது. ஃபரிதா அக்கா கொதித்துப்போனார்.

"மூணு வருசம் வாணி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஒரே கவுண்டர். லென்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார், நான் திருப்பித் தள்ளுவேன். ஒரு காலையில் கடைக்கு வந்ததும் போனை என் முன்னால் வைத்தார். எங்கள் ரசிகர் பக்கத்தைக் காணோம். அவரே அழித்திருந்தார்.

"அந்த மெசேஜை தினமும் படிச்சேன் லா... முடியல," என்றார்.

சகோதரிகள் அதற்கப்புறமும் சில வருடம் சேர்ந்தே ஆடினார்கள். ஜெயித்தார்கள், தோற்றார்கள். ஆனால் இருவரும் சேர்ந்த படம் ஒன்றுகூட மறுபடி வரவில்லை.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருக்கிறது. ஃபரிதா அக்கா கோலாலம்பூரில். போன ஞாயிறு ஒரு அண்ணன் தம்பி ஜோடியின் ஃபைனலை, ஆளுக்கு ஒரு வீட்டில் டிவி போட்டு, போனில் பேசியபடி பார்த்தோம்.

"இந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இப்ப பேசிக்கறது இல்லையாமே, உண்மையா?" என்றார்.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல."

அவ்வளவோடு விட்டுவிட்டோம். தம்பி வலையோரம் பாய்ந்து ஒரு பந்தை எடுத்தான். நல்ல ஷாட். இருவரும் கைதட்டினோம்.

முன்பெல்லாம் அப்படி ஒரு ஷாட்டுக்கு, கடையில் கஸ்டமர் இருப்பதையும் மறந்து கத்தியிருப்போம்... ஆடுகிறவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஆட்டத்தை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதுதான் சரி. ஆனால் அந்தக் கத்தல் மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறது.